சம்பளமும் எடையும்: மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

போனில் நீ சொன்னதற்கு உடனே பதில் சொல்லியிருந்தால் அது வெறும் ஆறுதலாகப் போயிருக்கும். இத்தனை வருஷம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். உனக்குக் கணக்கோடு பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன்.

"பதவி உயர்வு கிடைத்தவள் என்னைவிட ஒல்லி. நானும் இளைத்தால்தான் மதிப்பார்கள்" என்றாய். ஒரு நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு போதும் என்று முடிவு செய்திருப்பதாகவும் சொன்னாய். உன் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. அதை மறைத்து உன்னைச் சமாதானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. மீதிப் பாதி தப்பு. அந்தத் தப்புதான் இப்போது உன் சாப்பாட்டில் கை வைத்திருக்கிறது.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். எடை கூடியதால் சம்பளம் குறைகிறதா, சம்பளம் குறைவாக இருப்பதால் எடை கூடுகிறதா என்று பிரித்துப் பார்ப்பது லேசான வேலை இல்லை. அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர் ஜான் காலி 2004-ல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒருத்தியின் எடையில் பரம்பரையாக வரும் பங்கை அவளுடைய உடன்பிறப்பின் எடையை வைத்து ஊகிக்கலாம். என் சம்பளம் கூடினாலும் குறைந்தாலும் அதனால் என் தங்கையின் எடை மாறப்போவதில்லை அல்லவா? அந்த வழியில் பார்த்தபோதும் வெள்ளையினப் பெண்களிடம் விளைவு மறையவில்லை. ஏறக்குறைய 30 கிலோ எடை வித்தியாசத்துக்கு 9 சதவீதம் சம்பளம் குறைவு. ஒன்றரை வருஷப் படிப்புக்கோ மூன்று வருஷ அனுபவத்துக்கோ கிடைக்கும் சம்பளத்துக்கு அது சமம் என்று அவரே கணக்கிட்டார். ஆண்களிடமும் மற்ற இனப் பெண்களிடமும் இவ்வளவு உறுதியான விளைவு அவருக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் 2011-ல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் திரட்டிய தகவல்களை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. மிக ஒல்லியான பெண் சராசரி எடைக்கு வந்தாலே அவள் வருமானம் குறைகிறது. ஆணுக்கோ ஓர் அளவு வரைக்கும் எடை ஏற ஏற வருமானமும் ஏறுகிறது. ஒரே உடல் மாற்றத்துக்கு ஆணுக்குப் பரிசு, பெண்ணுக்கு அபராதம். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆகவே உனக்கு அநியாயம் நடந்திருக்கலாம் என்று நீ சந்தேகப்படுவதைப் பிரமை என்று யாரும் தள்ளிவிட முடியாது.

சரி, இப்போது அடுத்த பாதிக்கு வருகிறேன். "என்னிடம் கட்டுப்பாடு இல்லை, அதனால்தான் இப்படி இருக்கிறேன்" என்றாயே, அந்த இடம்.

நியூயார்க்கின் மன்ஹாட்டனைப் பற்றி, உடல் பருமனை ஆராய்ந்த மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்டும் அவருடைய கூட்டாளிகளும் 1960-களில் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் உடல் பருமன் உள்ளவர்கள். வசதியான பெண்களில் 5 சதவீதம்தான். ஆறு மடங்கு வித்தியாசம். 1989-ல் ஜெஃப்ரி சோபலும் ஸ்டங்கார்டும் 144 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். வளர்ந்த நாடுகளில் ஏழைப் பெண்களுக்குத்தான் எடை அதிகம். வளரும் நாடுகளில் நேர் தலைகீழ், பணக்காரப் பெண்களுக்கு அதிகம். பிறகு 2004-ல் பிரேசிலின் கார்லோஸ் மொன்டேரோ குழுவினர் இந்தப் போக்கு எங்கே திரும்புகிறது என்று தேடினார்கள். ஒரு நாட்டின் தலா வருமானம் ஆண்டுக்குச் சுமார் 2,500 டாலரைத் தாண்டும் இடத்தில், பெண்களின் உடல் பருமன் ஏழைகள் பக்கம் சாயத் தொடங்குகிறது என்று கண்டார்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார். ஒரு நாட்டின் வருமானம் ஒரு கோட்டைத் தாண்டியதும் அங்கே இருக்கும் ஏழைப் பெண்களின் மன உறுதி எல்லாம் கரைந்துபோய்விடுமா? அதே சமயத்தில் பணக்காரப் பெண்களுக்குத் திடீரென்று ஒழுக்கம் வந்துவிடுமா? எடை என்பது குணத்தின் அளவுகோல் என்றால் அது நாட்டின் வருமானத்தைப் பார்த்துத் திசை மாறாது. மாறுவது சுற்றி இருக்கும் வாழ்க்கை. கையில் காசே இல்லாத இடத்தில் வயிறார உண்பதே வசதியின் அடையாளம். மாவும் சர்க்கரையும் எண்ணெயும் மலிந்த இடத்தில் ஒரு கலோரிக்கு ஆகும் செலவு அவற்றுக்குத்தான் மிகக் குறைவு. காய்கறிக்கும் பழத்துக்கும் அதிகம். காசு குறைந்தவள் வயிற்றை நிரப்ப வேண்டுமானால் எதை வாங்குவாள்?

ஆண்களிடம் ஏன் இப்படி இல்லை என்று நீ கேட்பாய். அமெரிக்காவில் 2005 முதல் 2008 வரை எடுத்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், வருமானம் அதிகமான வீட்டுப் பெண்களில் 29 சதவீதம் பேரும், மிகக் குறைந்த வீட்டுப் பெண்களில் 42 சதவீதம் பேரும் உடல் பருமன் உள்ளவர்கள். ஆண்களிடம் அவ்வளவு இடைவெளி இல்லை, பணம் உள்ளவர்கள்தான் சற்று அதிகம். எனக்குத் தெரிந்த காரணங்கள் இரண்டு. குறைந்த சம்பளத்து ஆணின் வேலை பெரும்பாலும் உடம்பை அசைக்கிறது. பெண்ணுக்குக் கிடைப்பது நின்ற இடத்திலோ உட்கார்ந்த இடத்திலோ செய்யும் வேலை, அதன் மேல் வீட்டு வேலை. இன்னொன்று, வீட்டில் சாப்பாடு போதாதபோது தன் பங்கைக் குறைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பவள் தாய். கையில் காசு இருக்கும் நாளில் நிறைய, இல்லாத நாளில் பட்டினி என்று ஆகிவிட்டால் உடம்பு அதற்கேற்பச் சேமிக்கப் பழகலாம் என்கிறார்கள். உணவுக்கு உத்தரவாதம் இல்லாத வீடுகளில் பெண்களுக்கு எடை கூடுவது பல ஆய்வுகளில் தெரிகிறது, ஆண்களிடம் அது தெளிவாக இல்லை.

இன்னொரு ஆய்வைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது அது. 1994 முதல் 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில், வறுமை மிகுந்த குடியிருப்புகளில் பிள்ளைகளோடு வாழ்ந்த 4,498 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வறுமை குறைந்த பகுதியில் குடியேற வாடகை உதவி கொடுத்தார்கள். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து எடையையும் ரத்தத்தையும் பரிசோதித்தார்கள். உதவி பெறாதவர்களைவிட உதவி பெற்ற குழுவில், உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் BMI) 35-ஐத் தாண்டியவர்கள் 4.6 சதவீதப் புள்ளி குறைவு. சர்க்கரை நோய் அளவைத் தொட்டவர்களும் 4.3 சதவீதப் புள்ளி குறைவு. அவர்களுக்கு யாரும் உணவுக் கட்டுப்பாடு போதிக்கவில்லை. அவர்களுடைய வருமானம்கூடப் பெரிதாக மாறவில்லை. மாறியது அக்கம்பக்கம். குலுக்கலில் பிரித்ததால் "அவர்கள் ஏற்கெனவே கட்டுப்பாடானவர்கள்" என்று யாரும் சொல்லவும் முடியாது. என் மாணவிகளுக்கு இதை விளக்கும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும்.

பணம் மட்டும் வந்தால் எடை தானாக இறங்கிவிடும் என்று நினைத்துவிடாதே. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அமெரிக்க அரசு தரும் வரிச் சலுகைப் பணம் கூடியபோது பெண்களின் எடை சற்றுக் கூடியதாகவும் ஓர் ஆய்வு உண்டு. பணத்தோடு தூக்கமும் நேரமும் பயமில்லாமல் நடக்க ஒரு தெருவும் வர வேண்டும். உன்னிடம் இப்போது இல்லாதது அந்த நேரமும் தூக்கமும்தான் என்று நான் நினைக்கிறேன். மாதக்கணக்கில் இரவு வேலை பார்க்கிறாய். 2004-ல் சிகாகோவில் இளைஞர்களை இரண்டே இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்க வைத்துப் பார்த்தார்கள். பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் கூடியது. உடம்பு கேட்டதை நீ கொடுத்தாய். அதற்கு ஏன் கட்டுப்பாடு இல்லாதவள் என்று உன்னைத் திட்டிக்கொள்கிறாய்?

அதனால்தான் ஒரு வேளைச் சாப்பாட்டுத் திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் பத்து வாரம் மிகக் குறைவாகச் சாப்பிட்டு இளைத்தவர்களுக்கு, ஒரு வருஷம் கழித்தும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எடை திரும்பவும் ஏறுவது மனசின் பலவீனத்தால் என்று சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

உன் உடம்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லாமல் இல்லை. நம்மைப் போன்ற ஆசிய உடல்வாகுக்கு உடல் நிறை குறியீடு 23-லேயே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-ல் சொன்னது. அதனால் எடை மெஷினை மட்டும் பார்க்காதே. ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c), இடுப்புச் சுற்றளவு மூன்றையும் பார்த்துவிடு. அது உன் ஆரோக்கியத்துக்காக, மேலாளரின் கண்ணுக்காக இல்லை.

அலுவலக விஷயத்துக்கு வேறு வழியில் போ. பதவி உயர்வுக்கு எந்த அளவுகோலை வைத்தார்கள், உனக்கு எதில் குறை கண்டார்கள் என்று எழுத்தில் கேள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எடையை வைத்து வேலையில் பாகுபாடு காட்டுவதை 1976-ல் இயற்றிய சட்டம் தடை செய்கிறது, நியூயார்க் நகரம் 2023-ல் அதே மாதிரி சட்டம் கொண்டுவந்தது. உலகத்தில் பெரும்பாலான இடங்களில் அப்படி எதுவும் கிடையாது. இருந்தாலும் எழுத்தில் கேட்டால் அவர்கள் ஒரு காரணம் எழுத வாய்ப்பு அதிகம். காரணம் உன் வேலையைப் பற்றியதாக இருந்தால் சரிசெய்துகொள். மழுப்பலாக இருந்தால் பத்திரமாக வைத்துக்கொண்டு வெளியே வேலை தேடு. உன் திறமைக்கு வேலை கிடைக்கும்.

நீயும் ஆள் எடுக்கும் குழுவில் உட்காருகிறாய் அல்லவா? எடை கூடிய ஒரு பெண் உள்ளே வரும்போது பக்கத்தில் இருப்பவர்கள் "சுறுசுறுப்பு போதாது" என்று எழுதினால், எந்தப் பதிலை வைத்து அப்படி எழுதினார்கள் என்று கேள். அந்தக் கேள்வியை அங்கே கேட்க உன்னால் முடியும்.

இந்த மாதம் பகல் வேலைக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பம் கொடு. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு அனுப்பு, நானும் உட்கார்ந்து பார்க்கிறேன். இரவுச் சாப்பாட்டை விடாதே.

அன்புடன்,
அம்மா