கிலோபாட் வாங்கிய நண்பனுக்கு

அன்புள்ள சேகர்,

கூட்டமாக இயங்கும் குட்டி ரோபோக்களான கிலோபாட் ஐம்பதும் வந்துவிட்டன, சிமுலேஷனில் அழகாக ஓடும் நிரல் மேசையில் மட்டும் சொதப்புகிறது என்று எழுதியிருந்தாய். நிரலை விடு. முதலில் கால்களைப் பார்.

33 மி.மீ. குறுக்களவுள்ள அந்தப் பொடியனுக்குச் சக்கரம் ஏது? மூன்று கம்பிக்கால், செல்போனில் இருப்பதுபோல இரண்டு அதிர்வு மோட்டார். அதிர்ந்து வழுக்கித்தான் நகரும். நொடிக்கு ஒரு செ.மீ. போனால் அதிகம். ஒரு கால் இம்மியளவு வளைந்தாலோ தூசி ஒட்டினாலோ நடை கோணிவிடும். அதனால் இடது, வலது, நேர் என மோட்டார் எவ்வளவு வலுவாக அதிர வேண்டும் என்ற எண்களை ஒவ்வொன்றுக்கும் தனியாக அளந்து பதிய வேண்டும். ஐம்பதுக்கும் ஒரே எண்ணைப் போட்டிருப்பாய், பந்தயம்! கிளம்பும்போது உச்ச எண்ணான 255 கொடுத்து 15 மில்லிநொடி உசுப்பிவிட்டு, பிறகு அளந்த எண்ணுக்கு இறக்கு. இல்லாவிட்டால் சில நின்ற இடத்திலேயே கிடக்கும்.

மேசையும் முக்கியம். இவை பேசும் அகச்சிவப்பு ஒளி பரப்பில் பட்டுத் தெறித்துத்தான் அடுத்ததைச் சேர்கிறது. எட்டுவது சுமார் ஏழு செ.மீ. வந்த ஒளியின் பலத்தை வைத்தே தூரத்தையும் கணக்கிடுகின்றன. வழவழப்பான வெள்ளைப்பலகையை மட்டம் பார்த்துப் படுக்கப்போடு. ஜன்னல் வெயில் விழக்கூடாது.

இனி நிரல். ஒவ்வொன்றும் விதை ரோபோவிலிருந்து, அதாவது தொடக்கப்புள்ளியாக நிற்கும் ரோபோவிலிருந்து, எத்தனை படி தள்ளி இருக்கிறோம் என்று எண்ணிக்கொள்ளும். விதையின் எண் 0. மற்றவை அக்கம்பக்கத்தில் கேட்ட மிகச்சிறிய எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. விலகிப் போனவனின் எண், கேட்ட எண்களின் பட்டியலில் தங்கிவிட்டால், இல்லாத அண்டைவீட்டானை நம்பி எல்லாம் தப்பாகும். நொடிக்கு இரண்டு செய்திதான் போகும், செய்திகள் ஒன்றோடொன்று மோதி ஒன்றிரண்டு தொலையும். ஆகவே ஒன்று வராததற்கே அழித்துவிடாதே. இரண்டு, இரண்டரை நொடி பொறுத்து அழி.

2014இல் ஹார்வர்டில் ராதிகா நாக்பால் குழு 1024 கிலோபாட்டுகளை வைத்து உருவம் அமைத்ததே, அதற்கே பன்னிரண்டு மணிநேரம் போலப் பிடித்தது. ஓரமாக ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வதால், ஒரு சோம்பேறி நின்றால் பின்னால் முழு வரிசையும் தேர்த்தெரு நெரிசல்தான். தன் இடத்தை அறிய, இடம் தெரிந்த மூன்று அண்டை ரோபோக்கள் வேண்டும். அவை நேர்கோட்டில் நிற்கக்கூடாது. தூரப்பிழை சேரச்சேர உருவம் கோணும். அவர்களுக்கும் கோணியது.

முதலில் பத்தை மட்டும் எடுத்து, நிற்கும் கூட்டத்தைச் சுற்றி ஓரமாக ஓடவிடு. எது பிந்துகிறதோ அதன் காலைத் துடைத்து மறுபடி அளந்து, அந்த எண்களை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
முரளி