வேலூர்ப் புரட்சிக்கு ஒரு வெள்ளி நாணயம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சத்துவாச்சாரியில் இருக்கிறேன், இருபத்தைந்து வருடமாக நினைவு நாணயங்கள் சேர்க்கிறேன். தொடங்கி வைத்தது அப்பா விட்டுப்போன ஒரே ஒரு பத்து ரூபாய். 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு அரசு அடித்தது, 15 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி. 1972இல் சுதந்திர வெள்ளி விழாவுக்கு வந்த பத்து ரூபாயைப் பக்கத்தில் வைத்தால் அதுதான் பெரிதாகத் தெரியும், ஆனால் வெள்ளி பாதிதான். இதெல்லாம் கையில் எடுத்துப் பார்த்தால்தான் புரியும். போன மாதம் பஜாரில் ஒரு வெள்ளிக்கடையில் இதே காந்தி நாணயங்கள் நாலைந்தை உருக்கப் போகும் கொலுசுகளோடு தராசில் போட்டதைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை, எடைக்கு மேலே கொடுத்து வாங்கி வந்துவிட்டேன்.

சரி, சொல்ல வந்தது வேறு. 1857 போரின் 150ஆம் ஆண்டுக்கு, 2007இல் நூறு ரூபாய் வெள்ளி நாணயமும் ஐந்து ரூபாய் நாணயமும் வந்தன, இரண்டும் என்னிடம் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் நாணயமே அடித்தார்கள். ஆனால் 1857க்கு 51 வருடம் முன்னாலேயே, 1806 ஜூலை 10ஆம் தேதி விடியுமுன் நம் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் எழுந்தார்களே, தோல் பட்டை வைத்த தலைப்பாகை போடு, நெற்றிக் குறியை அழி, தாடியை எடு என்ற உத்தரவைப் பொறுக்காமல் எழுந்து திப்புவின் புலிக்கொடியை ஏற்றினார்களே, ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிய அந்த எழுச்சிக்கு ஒரு நாணயம் இல்லை. 2006இல் இருநூறாம் ஆண்டுக்குத் தபால்தலை வந்தது, ஊருக்குள் மக்கான் சந்திப்பில் நினைவுத் தூண் நிற்கிறது, அவ்வளவுதான். ஒரு காலத்தில் சென்னையில் கம்பெனியும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் அடித்த வெள்ளிக்கே ஆற்காட்டு ரூபாய் என்றுதான் பெயர், அந்த மண்ணுக்கு இது பெரிய கேட்பு இல்லை.

2031இல் 225ஆம் ஆண்டு வருகிறது. நினைவு நாணயம் வெளியிடுவது மத்திய நிதி அமைச்சகத்தின் கையில் இருக்கிறது, நம் எம்.பி.யும் மாநில அரசும் இப்போதே எழுதிக் கேட்டால்தான் அதற்குள் நடக்கும். வெள்ளி நாணயம் எங்களைப் போல முன்பதிவு செய்து வாங்குகிறவர்களோடு நின்றுவிடும், அதனால் கூடவே ஐந்து ரூபாயும் புழக்கத்துக்கு வர வேண்டும், பஸ் கண்டக்டர் கொடுக்கிற சில்லறையில் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டும். படம் எது என்று கேட்டால், யாருடைய முகமும் வேண்டாம், அகழியும் கோட்டைச் சுவரும் அதற்குக் கீழே 1806 என்ற எண்ணும் போதும்.

இப்படிக்கு,
ஒரு நாணயச் சேகரிப்பாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.