ஸ்பைடர் பாம்பு வாங்கவிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

லண்டனில் ஸ்பைடர் வகை பால் பைத்தான் (ball python என்னும் சிறிய மலைப்பாம்பு) ஆண் ஒன்றைப் பார்த்திருப்பதாகவும், அதை உன் பெண் பாம்போடு இணை சேர்க்க எண்ணியிருப்பதாகவும் எழுதியிருந்தாய். "தலை லேசாக ஆடும், அவ்வளவுதான், இரை நன்றாக எடுக்கும்" என்று விற்பவர் சொன்னாராம். அந்த வரியைப் படித்த பிறகு எனக்கு நிம்மதியில்லை.

அந்த ஆட்டம் பயத்தால் வருவதன்று, வளர்ந்தால் போய்விடுவதுமன்று. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பாம்பைக் கொண்டு 1999இல் அமெரிக்காவில் பெருக்கத் தொடங்கிய இந்த வகையில், சிலந்தி வலை போன்ற கோடுகளும் அந்த ஆட்டமும் சேர்ந்தேதான் வருகின்றன. 2022இல் வெளியான ஓர் ஆய்வில் இப்பாம்புகளின் தலையை நுண் சி.டி. ஸ்கேன் செய்து பார்த்தபோது, உடலின் சமநிலையை உணரும் உட்செவிக் குழாய்களே உருக்குலைந்திருந்தது தெரிந்தது. முன்பு நான் வளர்த்த ஒன்று, இடுக்கியில் நீட்டிய எலியை நோக்கிப் பாய்ந்து குறி தவறி, தலை திருகிக்கொண்டு மல்லாந்து கிடக்கும். அதற்குப் பசி இருந்தது, எலி இருக்கும் திசைதான் பிடிபடவில்லை.

தந்தைக்கு ஆட்டம் குறைவு என்பதால் குட்டிகளுக்கும் குறைவாக இருக்கும் என்று நம்பாதே. இந்தக் கோடுகளையும் ஆட்டத்தையும் தரும் மரபணு சராசரியாகப் பாதிக் குட்டிகளுக்குப் போய்ச் சேரும். அவற்றில் எது நிமிர முடியாமல் திருகிக்கொள்ளும் என்பதை முட்டை பொரியும் முன் யாராலும் சொல்ல இயலாது. பிரிட்டனில் சர்வதேச ஊர்வனவியல் சங்கம் தன் விற்பனைக் கூடல்களில் ஸ்பைடர் வகையை அனுமதிப்பதில்லை என்று முடிவெடுத்தது. பாம்பு வளர்ப்பை எதிர்ப்பவர்கள் எடுத்த முடிவன்று அது. நம்மைப் போல் வளர்ப்பவர்களே எடுத்தது.

வேறு எந்த ஆணை வாங்கினாலும், மூச்சில் சீழ்க்கை ஒலியோ வாயில் சளியோ இருக்கிறதா, கண்ணோரத்திலும் தாடைக்கு அடியிலும் உண்ணிகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பார். பைத்தான்களின் நுரையீரலைத் தாக்கும் நிடோவைரஸ் சில பாம்புகளில் வெளியே தெரியாமல் இருந்து பிற பாம்புகளுக்குத் தொற்றக்கூடும் என்பதால், மூன்று மாதமாவது வேறு அறையில் வைத்து, வாய்ச் சளியைப் பரிசோதனைக்கு அனுப்பி, தொற்று இல்லை என்று தெரிந்த பிறகே உன் பெண் பாம்பின் அருகில் கொண்டுசெல்.

உன் பெண் பாம்பு 1,500 கிராமை எட்டும்வரை நீ இணை சேர்க்கப்போவதில்லை அல்லவா? அதற்குள் நலமான ஓர் ஆணை நானும் தேடுகிறேன். அந்த ஸ்பைடருக்கு முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அண்ணன்