மானியம் வாங்க ஆள் இல்லையாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சிறுதொழில் மானியங்கள் பற்றி நான்கு பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் நன்றாக இருந்தன. கடைசிப் பத்தியில், "திட்டங்கள் கொட்டிக் கிடக்கின்றன, விண்ணப்பிக்கத்தான் ஆள் இல்லை" என்று எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். எந்த ஊரில் ஆள் இல்லை என்று கேட்டுச் சொன்னால் நான் அங்கேயே குடிபோய் விண்ணப்பித்துக்கொள்வேன்.

வெள்ளகோவில் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கிறேன். கடலை, எள், தேங்காய் மூன்றும் ஆட்டுகிறோம். இன்னொரு செக்கும், கடலை உடைக்கிற மெஷினும், எண்ணெய் வடிகட்டும் மெஷினும் போடலாம் என்று நினைத்துத்தான் இந்த மானியப் பேச்சுக்குள்ளேயே போனேன்.

கட்டுரையில் திட்டங்களைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்களே, அதில் எனக்கு எது பொருந்தும் என்று பார்ப்போம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமத்துப் பெண்ணுக்கு 35 சதவீதம் மானியம், கைக்காசு 5 சதவீதம் போட்டால் போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு. ஏற்கெனவே அந்தத் திட்டத்திலோ முத்ராவிலோ கடன் வாங்கியவர்கள் விரிவாக்கத்துக்கு மறுபடி கேட்கலாம். நகையை விற்றுச் சொந்தக் காசில் தொடங்கியவளுக்குக் கிடையாது. அப்புறம் நீட்ஸ், புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசுத் திட்டம். அதற்கு பிளஸ் டூ, ஐ.டி.ஐ., டிப்ளமோ, டிகிரி ஏதாவது ஒன்று வேண்டும், நான் பத்தாவது. வேலையில்லா இளைஞர் திட்டம் இருக்கிறது. எனக்கோ வயதும் ஆகிவிட்டது, வேலையும் இருக்கிறது.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். உணவுத் தொழில் செய்யும் சின்ன யூனிட்டுகளுக்காக 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்தது. 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், ஓடிக்கொண்டிருக்கிற தொழிலுக்கும் உண்டு. உங்கள் தலைப்பு என்னவோ "10 லட்சம் ரூபாய் மானியம் வேண்டுமா?" என்று கேட்கிறது. வேண்டும்தான். அந்த 10 லட்சத்துக்கு ஏறக்குறைய 28½ லட்சத்தில் திட்டம் போட வேண்டும் என்பதை யார் சொல்வது? முதலில் வங்கி கடன் கொடுக்க வேண்டும், மானியம் வந்தாலும் நம் கைக்கு வராது, வங்கியிலேயே 3 வருடம் கிடக்கும், தவணை தவறாமல் கட்டியிருந்தால்தான் கடனில் கழிப்பார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? நான்கு பக்கத்தில் இதற்கு நான்கு வரி இடம் இல்லாமல் போய்விட்டது.

உத்யம் என்கிற சிறுதொழில் பதிவுச் சான்றிதழ், உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஜி.எஸ்.டி. போட்ட மெஷின் விலைக் கொட்டேஷன், ஆடிட்டர் காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்த திட்ட அறிக்கை எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனேன். எந்த வங்கி என்று எழுதப் போவதில்லை, நாளைக்கும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். அந்த அதிகாரி ஃபைலைத் திறக்கவில்லை. மேலே ஒட்டியிருந்த ஃபோட்டோவைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரலீங்களா?" என்றார். செக்கு என் பெயரில், உத்யம் என் பெயரில், கரண்ட் பில் என் பெயரில். அடுத்து நிலப் பத்திரம் கேட்டார். நிலம் என் மாமனார் பெயரில் இருக்கிறது. குறுந்தொழிலுக்கு 10 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லியிருக்கிறதே, நான் கேட்பது அதற்குள்தானே வருகிறது என்றேன். "அது ரூல்ஸுங்க, இது பிராஞ்ச்" என்றார். பிறகு குரலை இறக்கி, "மானியத்துக்காகத்தானே லோன் கேக்கறீங்க?" என்றார். திருடியைப் பிடித்துவிட்ட மாதிரி ஒரு பார்வை வேறு. மானியத் திட்டத்தில் மானியத்துக்காக விண்ணப்பிக்காமல் வேறு எதற்காக விண்ணப்பிப்பார்கள்? எழுந்து வரும்போது, தீபாவளிக்கு நல்லெண்ணெய் 5 லிட்டர் எடுத்து வைக்கச் சொன்னார். கருப்பட்டி போட்டு ஆட்டியதாக இருக்க வேண்டுமாம்.

அதன்பிறகு மார்ச் முடியட்டும் என்றார்கள். டார்கெட் முடிந்துவிட்டது என்றார்கள். அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார், புதியவர் மறுபடி முதலிலிருந்து எல்லாம் கேட்டார். கடைசியில் ஒரு நாள் பையனை விட்டு இணையதளத்தில் பார்க்கச் சொன்னேன். விண்ணப்பம் நிராகரிப்பு. காரணம்: விண்ணப்பதாரருக்கு ஆர்வம் இல்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை, ஒரு கடிதம் வரவில்லை, எனக்கு ஆர்வம் இல்லை என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். "ஆள் இல்லை" என்று உங்கள் கட்டுரையாளர் எழுதுவது இப்படிப்பட்ட பதிவுகளை எண்ணிப் பார்த்துத்தானோ என்னவோ.

உங்கள் இதழில் மாதம் ஒரு வெற்றிக் கதை வருகிறது. எல்லோரும் விடாமுயற்சியால்தான் ஜெயித்திருக்கிறார்கள். யார் ஜாமீன் போட்டார்கள், யாருடைய பத்திரம் வங்கியில் இருக்கிறது, அலைந்த மாதங்களில் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று ஒரு வரி இருக்காது. முன்பு ஒருமுறை உங்கள் ஆரோக்கியப் பக்கத்தில் செக்கு எண்ணெய்க்காரர்கள் கொள்ளை விலை வைக்கிறோம் என்று எழுதினீர்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டு, இரண்டரை கிலோ பருப்பு வேண்டும், பருப்பு விலையைப் போட்டுப் பாருங்கள் என்று அப்போதே எழுதினேன். அந்தக் கடிதத்தை நீங்கள் போடவில்லை. சரி, இடம் இருந்திருக்காது.

ஆனால் வரி விளம்பரங்களுக்கு இடம் இருக்கிறது. அதே இதழில், மானியக் கட்டுரைக்கு இரண்டு பக்கம் தள்ளி, "ஜாமீன் இல்லாமல் மானியக் கடன் 100 சதவீதம் பெற்றுத் தரப்படும்" என்று ஒரு செல்ஃபோன் நம்பர் இருந்தது. எங்கள் பக்கத்து ஊரில் முறுக்கு போடும் ஒரு பெண் இப்படி ஒரு ஆளிடம் முன்பணம் கட்டினாள். கொட்டேஷனை ஏற்றிப் போடலாம், மெஷின்காரர் மீதியைத் திருப்பித் தருவார் என்றெல்லாம் சொன்னானாம். இப்போது அந்த நம்பர் எடுப்பதில்லை. முன்பக்கத்தில் விண்ணப்பிக்க ஆள் இல்லை என்று வருத்தப்பட்டுவிட்டு, பின்பக்கத்தில் நீங்களே ஆள் பிடித்துக் கொடுக்கிறீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த விளம்பரத்தை அடுத்த இதழிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திட்டங்களைக் கட்டம் கட்டும்போது மானியம் எப்போது, யார் வழியாக வரும் என்பதையும், ரிசர்வ் வங்கியின் அந்தப் பிணை விதியையும் சேர்த்துப் போடுங்கள். விதியை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால் வெட்டி எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போக வசதியாக இருக்கும்.

சந்தா புதுப்பிக்கப் பணம் அனுப்பியிருந்தேன், ரசீது இன்னும் வரவில்லை. அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆர்வம் இல்லாத விண்ணப்பதாரர்,
வெள்ளகோவில்.