ஆழம் பார்த்தவரைப் பயந்தவர் என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டிக்காரர்களான எங்கள் ஃபோர் வீல் டிரைவ் மன்றத்தின் ஆஃப்ரோடு நாளுக்கு, அதாவது சாலையில்லாத கரடுமுரடான தடத்தில் ஓட்டும் நாளுக்கு, மூன்று பக்கங்கள் ஒதுக்கியிருந்தீர்கள். மன்றத்தின் மூத்த உறுப்பினன் என்ற முறையில் முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். உங்கள் செய்தியாளரை என் வண்டியில்தான் அழைத்துச் சென்றேன். அவருக்கு ரப்பர் பூட்ஸ் கொடுத்து, நடுவில் வந்த மழைக்கு என் மேலங்கியையும் கொடுத்தேன். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னோம். அத்தனைக்கும் பிறகு அச்சில் வந்த வாக்கியம் இது: “மற்றவர்கள் துணிந்து தண்ணீரில் பாய, ஒரு பெண்மணி மட்டும் பயந்துபோய் வண்டியை விட்டு இறங்கி, குச்சியால் ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார்.”

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். சக்கரத்தை விடுவதற்கு முன் ஆழம் பார்த்த ஒருவரை உங்கள் பத்திரிகை கோழையாக்கியிருக்கிறது. அன்று அந்த இடத்தில் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தவர் அவர் ஒருவர்தான். கலங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளமா, பாறையா, புதைசேறா என்பது மேலே இருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. அவர் இறங்கி நடந்தார், இடது பக்கம் தரை இறுகியிருப்பதைக் கண்டார், கரையேறும் இடத்தில் ஒரு கிளையை அடையாளமாக நட்டார். பிறகு மெதுவாகப் போவதற்கான தாழ்ந்த கியர் வரிசையான லோ ரேஞ்சில் இரண்டாம் கியரைப் போட்டு, கிளட்சைத் தொடாமல், ஆள் நடக்கும் வேகத்தில் அக்கரை சேர்ந்தார். பம்பருக்கு முன்னால் ஒரு சிறு அலை மட்டும் சீராகப் போய்க்கொண்டிருந்தது. அந்த அலையை அப்படியே தள்ளிக்கொண்டு போனால்தான் அதன் பின்னால் எஞ்சின் பகுதியில் தண்ணீர் மட்டம் தாழ்ந்து நிற்கும். உங்கள் செய்தியாளர் என் பக்கத்தில்தான் நின்றார். இதை நான் அவரிடம் விளக்கவும் செய்தேன்.

துணிந்து பாய்ந்தவர்கள் என்று அவர் பாராட்டியவர்களில் ஒருவரின் வண்டி நடுத்தண்ணீரில் நின்றுபோனது கட்டுரையில் எங்குமே இல்லை. வேகமாகப் பாய்ந்ததால் எழுந்த தண்ணீர், காற்று உறிஞ்சும் குழாய் வழியாக உள்ளே போய்விட்டது. காற்றைப் பிஸ்டன் அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சுற்றிக்கொண்டிருக்கும் எஞ்சினின் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அவருக்கு அதுதான் நடந்தது. வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பினோம். உங்கள் கட்டுரையில் அவர் வீரர், கரை சேர்ந்தவர் கோழை.

அந்தச் சகோதரி இதழை எனக்குக் கொண்டுவந்து காட்டியபோது ஒன்றும் சொல்லவில்லை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு எங்கள் மன்றத்தில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். நான் வரிந்துகட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

அந்தப் பக்கத்துப் படத்துக்கும் வருகிறேன். சேற்றில் ஆக்ஸில்வரை, அதாவது சக்கர அச்சுவரை, புதைந்த ஜீப்பை இன்னொரு வண்டி கயிறு கட்டி இழுக்கிறது. சேறு வானத்துக்குத் தெறிக்கிறது. அழகான படம்தான், ஆனால் அது எங்கள் மன்றத்தில் எடுத்ததல்ல. கயிறு எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். டிரெய்லரைக் கோக்கும் இரும்பு உருண்டையில். அந்த உருண்டை, உருண்டு வரும் டிரெய்லரின் பாரத்துக்காகச் செய்யப்பட்டது. சேறு கவ்விப் பிடித்த வண்டியைச் சுண்டி இழுக்கும் விசைக்கு அது தாங்காது. மீட்புக்குப் பயன்படும் நைலான் கயிறு ரப்பரைப் போல நீண்டு, விசையைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் உருண்டை முறிந்தால் அது பீரங்கிக் குண்டுதான். உலகின் பல இடங்களில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. வண்டிகளைப் பற்றி இத்தனை ஆண்டுகளாகப் பத்திரிகை நடத்தும் தங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் அந்தப் படம் எப்படி முழுப்பக்கத்தில் வந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

என் கண்முன் நடந்ததைச் சொல்கிறேன். விருந்தினராக வந்த ஒருவரின் பம்பரில் யாரோ ஒரு கொக்கியைப் பற்றவைத்திருந்தார்கள். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் சேராத கொக்கி. இழுத்தபோது அது, கயிற்றைக் கோக்கும் இரும்பு வளையமான ஷாக்கிளோடு பிய்த்துக்கொண்டு பறந்து, இழுத்த வண்டியின் பின்கண்ணாடியை உடைத்துப் பின் இருக்கையில் பாய்ந்தது. அந்த இருக்கையில் வழக்கமாக உட்காருவது அந்த வண்டிக்காரரின் பத்து வயது மகன். இழுக்கும்போது ஓட்டுநரைத் தவிர யாரும் வண்டிக்குள் இருக்கக் கூடாது, மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும் என்பது எங்கள் விதி. அந்த விதிக்காகப் பையனைத் திட்டி இறக்கிவிட்டிருந்தோம். அவன் அழுதுகொண்டு மரத்தடியில் நின்றான். அந்த விதியும் உங்கள் செய்தியாளருக்குத் தெரியும். அவரையும் அதே மரத்தடியில்தான் நிற்கச் சொன்னேன், அவருக்கும் கோபம் வந்தது.

இது முதல் தடவையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஃபோர் வீல் டிரைவ் வண்டி சேற்றில் சிக்கவே சிக்காது என்று ஒரு முறை எழுதினீர்கள். ஓர் ஆக்ஸிலின் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்புதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு விசையைத்தான் தரும். ஒரு சக்கரம் பிடிப்பில்லாமல் வெறுமனே சுற்றினால் மறுசக்கரத்துக்கும் அந்த அற்ப விசைதான் கிடைக்கும். முன் ஆக்ஸிலில் ஒன்றும் பின் ஆக்ஸிலில் ஒன்றும் இப்படிச் சுற்றினால், நான்கு சக்கர இயக்கம் இருந்தும் வண்டி நகராது. இரு சக்கரங்களையும் பிணைத்து ஒன்றாகச் சுற்றவைக்கும் டிஃபரன்ஷியல் லாக் என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான். இதை விளக்கி நான் அனுப்பிய கடிதத்தை வெளியிட்டீர்கள், மறுக்கவில்லை. ஆனால் லாக் பற்றிய பத்தியை நீக்கிவிட்டு, “உங்கள் இதழை விரும்பிப் படிக்கிறேன்” என்ற முதல் வரியை மட்டும் என் பெயரோடு போட்டீர்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு, ஈரப் புல்வெளியில் வட்டமடித்து மண்ணை உழுதுபோட்ட வண்டியின் படத்தை அட்டையில் வைத்தீர்கள். அமெரிக்க வனத்துறை 1985இலேயே ‘டிரெட் லைட்லி’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது இப்படிப்பட்ட ஓட்டத்தைத் தடுக்கத்தான். இருக்கும் தடத்தை விட்டு விலகாதே, அகலப்படுத்தாதே என்பதுதான் அதன் சாரம். தடத்தை நாசமாக்கினால் நிலத்துக்காரர் வாசலை மூடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த அட்டை வந்த பிறகு, ஆண்டுக்கணக்காக எங்களை அனுமதித்த ஒருவர் உங்கள் இதழைக் கையில் வைத்துக்கொண்டே மறுத்துவிட்டார். நாங்கள் டயர் காற்றை இறக்கி, சேற்றைக் குறைவாகக் கிளறிப் போகிறவர்கள் என்று எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை.

லேண்ட் ரோவர் 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானபோது அது உழவருக்கான வண்டி. சேற்றைக் கடந்து வேலைக்குப் போய், மாலையில் முழுசாகத் திரும்பி வர வேண்டும் என்பதற்காக உருவானது. மெதுவாகப் போவதற்கென்றே அதில் தனியாகத் தாழ்ந்த கியர்கள் வைத்தார்கள். எந்த மன்றத்தின் அனுபவசாலியைக் கேட்டாலும், முடிந்த அளவு மெதுவாக, தேவையான அளவு மட்டும் வேகமாக என்றுதான் சொல்வார். உங்கள் பக்கங்களில் அந்த அனுபவசாலிக்கு ஏனோ இடம் கிடைப்பதே இல்லை.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் இரண்டு திருத்தங்கள் வேண்டும். தண்ணீரில் இறங்கி ஆழம் பார்த்தது ஓட்டுநர் செய்ய வேண்டிய முதல் வேலை என்று ஒன்று. டிரெய்லர் உருண்டையில் மீட்புக் கயிற்றை மாட்டக் கூடாது, சேசிஸோடு பிணைந்த மீட்புப் புள்ளியில்தான் மாட்ட வேண்டும் என்று இன்னொன்று. கடைசிப் பக்க மூலையில் போட்டாலும் சரி. ஆண்டு மலருக்கு அந்தப் படத்தை மறுபடியும் எடுக்க வேண்டாம். இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தில் என் பெயரையும் நன்றியையும் வெட்டிக்கொள்ளுங்கள், அந்த இரண்டு திருத்தங்களை வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
நீண்ட கால வாசகன்