திறக்காத பாட்டிலுக்கு யார் சாட்சி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரிய ஸ்காட்ச் விஸ்கி பாட்டில்களை வாங்கி, முத்திரை கலையாமல் வீட்டில் வைத்திருந்தால் தங்கத்தைப் போல விலை ஏறும் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முதலீட்டுக் கட்டுரை வந்திருந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பி மகன் அதைப் படம் எடுத்து அனுப்பி, "அத்தை, நீங்கள் அந்தத் தொழிலிலேயே இருந்தவர்கள். இரண்டு பாட்டில் வாங்கி வைக்கலாமா?" என்று கேட்டான். அவனைப் போல இன்னும் எத்தனை பேர் யோசித்துக்கொண்டிருப்பார்களோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் காரைக்குடிப் பக்கம் பிறந்தவள். ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியில் ஒரு விஸ்கி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பீப்பாய்களிலிருந்து எடுத்துவந்த மாதிரிகளை, சாராய வலு 20 சதவீதத்துக்கு இறங்கும்படி தண்ணீர் கலந்து, விஸ்கியின் நிறம் தெரியாதபடி நீலக் கோப்பைகளில் ஊற்றி, மேலே கண்ணாடித் தட்டு மூடி வைப்போம். தட்டை நகர்த்தி முகர்ந்து, குறித்து, மூடிவிட்டு அடுத்ததற்குப் போவோம். என் வேலைநாளில் பெரும்பகுதி இதுதான். குடிப்பழக்கம் நம் ஊரில் எத்தனை வீடுகளைச் சீரழித்திருக்கிறது என்பதை அறிவேன். குடிக்காத எவரையும் குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. விஸ்கியில் பணம் போட நினைப்பவருக்கும், ஏற்கெனவே வாங்கிப் பூட்டி வைத்திருப்பவருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

கட்டுரை தங்கத்தோடு ஒப்பிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தங்கத்தை எந்த ஆசாரியும் உரைகல்லில் உரசி மாற்றுச் சொல்லிவிடுவார். உரசியதால் நகையின் மதிப்பு போய்விடாது. விஸ்கியின் மாற்றை அறிய அதைத் திறந்தாக வேண்டும், திறந்த கணமே ஏலச் சந்தையில் அதன் விலை விழுந்துவிடும். அதனால் விலை ஏற ஏறத் திறப்பவர்கள் குறைகிறார்கள். திறப்பவர்கள் குறையக் குறையப் போலி செய்பவனுக்குத் துணிச்சல் வருகிறது.

2017ஆம் ஆண்டு கோடையில் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் நகரில் நடந்ததைப் பாருங்கள். அங்குள்ள ஒரு ஹோட்டலில் '1878' என்று குறித்த, மெக்காலன் என்ற ஸ்காட்ச் விஸ்கி பாட்டில் ஒன்று இருந்தது. சீனாவிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் அதில் 2 சென்டிலிட்டர், அதாவது ஒரு வாய் அளவு, கேட்டார். விலை கிட்டத்தட்ட 10,000 சுவிஸ் பிராங்க். பாட்டிலைத் திறந்து ஊற்றினார்கள். தக்கையையும் பாட்டிலில் ஒட்டிய சீட்டையும் பற்றிச் சந்தேகம் கிளம்பியதும் ஹோட்டல்காரர்கள் மாதிரியை ஸ்காட்லாந்துக்கு அனுப்பினார்கள். ஆக்ஸ்போர்டில் நடந்த கார்பன் ஆய்வு, அது 1970க்கும் 1972க்கும் இடைப்பட்ட காலத்தது என்று 95 சதவீத நிச்சயத்தோடு சொன்னது. இன்னொரு ஆய்வுக்கூடம் அது முளைகட்டிய பார்லியில் மட்டும் வடிக்கும் மால்ட் விஸ்கியே அல்ல, 60 பங்கு மால்ட்டும் 40 பங்கு மற்றத் தானியங்களில் வடித்த விஸ்கியும் கலந்த கலவை என்றது. ஹோட்டல் நிர்வாகி சீனாவுக்கே நேரில் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த நேர்மையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அன்று அந்த மனிதர் ஒரு வாய் கேட்காமல் போயிருந்தால் அந்தப் போலி இன்னமும் 1878ஆகவே அலமாரியில் வீற்றிருக்கும்.

அந்தக் கார்பன் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வெட்டவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றிலிருந்த கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரு மடங்கானது. அந்தக் காற்றில் வளர்ந்த பார்லியில் அது ஏறியது, பார்லியிலிருந்து விஸ்கிக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பார்லியில் அந்தக் கூடுதல் கார்பன் இருக்க வழியே இல்லை. கிளாஸ்கோவுக்கு அருகே ஈஸ்ட் கில்பிரைடில் உள்ள ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் இந்த முறையில் 55 அரிய பாட்டில்களை ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டது. அவற்றில் 21 பாட்டில்கள் முழுப் போலியாகவோ, சீட்டில் குறித்த ஆண்டில் வடிக்காதவையாகவோ இருந்தன. 1900க்கு முந்தையவை என்று சொல்லப்பட்ட ஒற்றை மால்ட்டுகளில், அதாவது ஒரே வடிசாலையில் வடித்த மால்ட் விஸ்கிகளில், ஒன்றுகூடத் தேறவில்லை. ஏலங்களிலிருந்தும் தனியார் சேகரிப்புகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் வந்த பாட்டில்கள் இவை. தங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

உலகிலேயே அதிக விலைக்கு ஏலம் போன பாட்டில் என்று கட்டுரை பெருமையாகக் குறிப்பிட்ட மெக்காலன் 1926க்கு வருகிறேன். 1926இல் வடித்து, 60 ஆண்டுகள் ஷெர்ரி பீப்பாயில் கிடந்து, 1986இல் வெறும் 40 பாட்டில்களில் அடைபட்டது அது. இத்தாலிய ஓவியர் வலேரியோ அடாமி வரைந்த சீட்டோடு கூடிய ஒன்று, 2023 நவம்பரில் லண்டன் சோதபிஸ் ஏலத்தில் 21,87,500 பவுண்டுக்குப் போனது. நம் பணத்தில் அன்றைய மதிப்புக்கு 22 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு சின்னக் கோப்பைக்குக் கணக்குப் போட்டால் எழுபது லட்சத்தைத் தாண்டுகிறது. இதை எல்லோரும் எழுதினார்கள். ஏலத்துக்கு முன் என்ன நடந்தது என்பதைச் சிலரே கவனித்தார்கள். அந்தப் பாட்டிலை வடிசாலைக்கே அனுப்பி, பழைய தக்கையை எடுத்து, துளியளவு மாதிரி எடுத்து, வடிசாலையில் இருந்த இன்னொரு 1926ஓடு ஒப்பிட்டுப் பார்த்து, புதுத் தக்கை போட்டு மூடிய பிறகுதான் ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆக, மிக உயர்ந்த விலை கிடைத்த பாட்டிலே திறந்து பார்க்கப்பட்ட பாட்டில்தான். பெரிய ஏல நிறுவனங்கள் விலை உயர்ந்த ஒவ்வொரு பாட்டிலுக்கும் இதைச் செய்து முடிவை வெளியிட வேண்டும் என்பது என் நெடுநாள் கோரிக்கை. சில மில்லிலிட்டர் போதும்.

திறந்து பார்ப்பதால் வஞ்சகம் மட்டும் வெளிப்படுவதில்லை, அறிவும் வளர்கிறது. துருவ ஆய்வுப் பயணி ஷாக்கில்டன் 1907இல் அண்டார்டிக் பயணத்துக்குக் கொண்டுபோன மெக்கின்லே விஸ்கிப் பெட்டிகள், ராய்ட்ஸ் முனையில் உள்ள அவருடைய குடிசையின் தரைக்கு அடியிலிருந்து 2010இல் பனியோடு பெயர்த்தெடுக்கப்பட்டன. 2011 ஜனவரியில் மூன்று பாட்டில்கள் ஸ்காட்லாந்துக்கு வந்தன. அந்த விஸ்கியின் உரிமை கொண்ட நிறுவனம் அப்போது விஜய் மல்லையாவின் கையில் இருந்தது, அவருடைய சொந்த விமானத்தில்தான் வந்தன. கலவை வல்லுநர் ரிச்சர்டு பேட்டர்சனும் வேதியியலாளர் ஜேம்ஸ் பிரைடும் தக்கை வழியாக ஊசி செலுத்திக் கொஞ்சம் உறிஞ்சினார்கள். அந்தக் கால மால்ட் என்றால் புகைநெடியும் முரட்டுத்தனமுமாகத்தான் இருக்கும் என்று நாங்களெல்லாம் நம்பிக்கொண்டிருந்தோம். கோப்பையில் இருந்ததோ மென்மையான, பழவாசனை கொண்ட, 47.3 சதவீத வலுவுள்ள விஸ்கி. அதில் லேசாக இருந்த புகை ஆர்க்னித் தீவுகளில் வெட்டி எடுத்த பீட் என்ற சதுப்புநிலக் கரியிலிருந்து வந்தது என்பது வரை கண்டுபிடித்தார்கள். அந்த ஆய்வறிக்கையை நான் வரிவரியாகப் படித்தேன். பிறகு அதே சுவையில் புதிதாகக் கலந்து விற்பனைக்கும் கொண்டுவந்தார்கள். மூலப் பாட்டில்கள் அண்டார்டிக்காவுக்கே திரும்பின. பாதுகாப்பதும் சுவைப்பதும் ஒன்றுக்கொன்று பகை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

என் கண்ணெதிரே நடந்ததையும் சொல்கிறேன். எங்கள் கிடங்கில் பீப்பாய் உருட்டும் வேலையில் சேர்ந்து, தலைமைக் கிடங்காளராக உயர்ந்த ஒருவர் ஓய்வு பெற்றார். அவர் வேலைக்குச் சேர்ந்த ஆண்டில் நிரப்பிய பீப்பாயிலிருந்து ஒரு பாட்டிலை நிறுவனம் பரிசாகக் கொடுத்தது. வாசலிலேயே ஒருவர் அதற்கு அவருடைய பல மாதச் சம்பளத்தை விலையாகச் சொன்னார். அவர் தலையசைத்து மறுத்துவிட்டு, கிடங்கில் பீப்பாய்களுக்கு எண் எழுதும் மேசையில் பாட்டிலை வைத்துத் திருகினார். தக்கை பாதியில் முறிந்தது. நான் ஆய்வுக்கூடத்துக்கு ஓடி, புனலும் வடிதாளும் எடுத்து வந்தேன். தேநீர்க் கோப்பைகளில் ஆளுக்கு ஒரு விரல்கடை ஊற்றினார். முதலில் காய்ந்த ஆரஞ்சுத் தோல். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டதும் அடியிலிருந்து ஒரு கனத்த, கருகிய வெல்ல வாசனை எழுந்தது. செப்புக் கொப்பரைகளை நிலக்கரித் தீயில் சூடாக்கிய காலத்து வடிப்பு அது. அதன் பிறகுதான் எங்கள் வடிசாலை நீராவிக்கு மாறியது. கொப்பரையைக் கவனிக்கும் இளைஞன் ஒருவன் கோப்பையை மூக்கிலிருந்து எடுக்காமல், "அப்படியென்றால் தீ மாறியபோது நாம் இதைத்தான் இழந்தோமா?" என்று கேட்டான். பெரியவர் தீயை எப்படி அடக்குவது, கொப்பரையின் அடி பிடிக்காமல் இருக்க உள்ளே சங்கிலி சுழலுவது, எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் விளக்கினார். எந்தக் கோப்பிலும் இல்லாத செய்திகள். அந்தப் பாட்டிலை அன்று விற்றிருந்தால் இன்று அது எங்கோ ஒரு பெட்டகத்தில் எண்ணாக இருந்திருக்கும்.

சேகரிப்பவர்கள் எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. பழைய சீட்டுகளையும் வடிசாலை வரலாற்றையும் தேடித் தேடிக் காப்பாற்றியவர்கள் அவர்களில் உண்டு, நண்பர்கள் வந்தால் தயங்காமல் திறப்பவர்களும் உண்டு. போர்ட் எலன், புரோரா என்ற ஸ்காட்லாந்து வடிசாலைகள் இரண்டும் 1983இல் வேண்டாத சரக்கு என்று மூடப்பட்டவை. மிச்சமிருந்த பீப்பாய்களிலிருந்து வெளிவந்த விஸ்கியை வாங்கியவர்கள் குடித்தார்கள், குடித்தவர்கள் ஊரெல்லாம் பேசினார்கள், அந்தப் பேச்சுதான் அவற்றுக்குப் புகழைத் தந்தது. புரோரா 2021இலும் போர்ட் எலன் 2024இலும் மறுபடி வடிக்கத் தொடங்கின. முதல் பாட்டிலிலிருந்தே எல்லோரும் பூட்டி வைத்திருந்தால், அந்த வடிசாலைகள் திரும்ப வேண்டும் என்று யார் கேட்டிருப்பார்கள்?

என் கோபம் எல்லாம், ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் ஸ்காட்லாந்தின் ஐலே தீவில் நடக்கும் விஸ்கித் திருவிழாவில் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்று சிறப்புப் பாட்டிலை வாங்கி, அதே வாரம் இணைய ஏலத்தில் இரு மடங்குக்குப் போடுகிறவர்கள் மீதுதான். அவர்களுக்குப் பின்னால், கப்பல் ஏறி வந்த ஒரு ரசிகர் வெறுங்கையோடு திரும்புகிறார். அந்த வியாபாரமும் இப்போது தள்ளாடுகிறது. 2022 வாக்கில் உச்சத்துக்குப் போன ஏல விலைகள் அதன்பின் இறங்கியிருக்கின்றன.

தமிழ்நாட்டு வாசகருக்குக் கட்டுரை சொல்லாமல் விட்ட இன்னொன்று: வாங்கி வைத்த பாட்டிலை யாரிடம் விற்பது? உரிமம் இல்லாத தனிநபர் மது விற்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். பிரிட்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. பீப்பாயையே வாங்குங்கள் என்று அழைப்பு வந்தால் சட்டென்று பணம் அனுப்பாதீர்கள். ஒரே பீப்பாயைப் பலருக்கு விற்ற மோசடிகள் வெளிவந்திருக்கின்றன. உண்மையான பீப்பாயிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஆவியாகிறது. வலு 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அதை ஸ்காட்ச் என்று விற்கவே முடியாது.

இனி, கண்ணாடி அலமாரியில் பாட்டில் வைத்திருப்பவர்களுக்கு. பாட்டிலுக்குள் விஸ்கிக்கு வயது ஏறாது. 12 ஆண்டு விஸ்கியை முப்பது ஆண்டு வைத்திருந்தாலும் அது 12 ஆண்டு விஸ்கிதான். தக்கை வழியாக மெல்ல மெல்ல ஆவியாகும், கழுத்து மட்டம் இறங்கும், வெயில் பட்டால் நிறமும் மணமும் கெடும். ஒயினைப் போலப் படுக்க வைத்தால் வலுவான சாராயம் தக்கையை அரித்துவிடும், நிமிர்த்தியே வையுங்கள். திறக்கும் நாளில் பாட்டிலை ஒருமுறை சாய்த்துத் தக்கையை நனைத்துக்கொண்டு, இழுக்காமல் மெதுவாகத் திருகுங்கள். வேறொரு பாட்டிலின் நல்ல தக்கையைப் பக்கத்தில் வைத்திருங்கள். முறிந்து தூள் விழுந்தால் காபி வடிதாளில் வடித்துக்கொள்ளலாம், சுவைக்கு ஒன்றும் ஆகாது. முதல் கோப்பையை ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுவிட்டு முகருங்கள். பாட்டில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் காற்று அதிகம் தங்காதபடி சிறிய பாட்டிலுக்கு மாற்றி, சில மாதங்களுக்குள் நண்பர்களோடு முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியலாளர்,
எல்ஜின், ஸ்காட்லாந்து