கடற்கரைப் பாடம் மணலிலிருந்து தொடங்கட்டும்: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிப் புவியியல் பாடநூல்களை உருவாக்கும் குழுவினருக்கும், அவற்றை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

கடற்கரை நிலத்தோற்றங்கள் என்றதும் பெரும்பாலான நூல்களில் ஒரே வரிசைதான் வருகிறது. அரிப்பினால் உருவானவை: கடல் ஓங்கல் (கடலோரச் செங்குத்துச் சரிவு), குகை, வளைவு, தூண், அலை அரிமேடை. படிவினால் உருவானவை: கடற்கரை, மணல் திட்டு, நீள் மணல் திட்டு, காயல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி, ஒரு படம். மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வில் எழுதியும் விடுகிறார்கள். அதே மாணவரிடம் "இந்த மணல் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "கடலிலிருந்து" என்பார். பாடத்தில் உள்ள ஓட்டை அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். கரையை மணலின் வரவு செலவுக் கணக்காக நடத்துங்கள். பெயர்கள் பிறகு வரட்டும்.

வரவு என்பது ஆறு கொண்டுவரும் மணல், ஓங்கல் இடிந்து விழும் மண், சிப்பியும் பவளமும் உடைந்த துகள். செலவு என்பது கரையோரமாக நகர்ந்து போவது, புயலில் ஆழத்துக்கு இழுபடுவது, காற்று அள்ளிச் சென்று மணற்குன்றாக்குவது, மனிதர் அள்ளுவது. வரவு மிகுந்தால் கரை அகலும், செலவு மிகுந்தால் கரை பின்வாங்கும். இந்த ஒரு கருத்து பிடிபட்டால் மீதிப் பாடத்தில் பாதியை மாணவர்களே ஊகித்துவிடுவார்கள்.

சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. அஸ்வான் உயர் அணை 1970-இல் முடிந்தபின் நைல் ஆற்றின் வண்டல் அணைக்குள்ளேயே தங்கியது. பல நூறு கிலோமீட்டர் தள்ளி ரொசெட்டா முகத்துவாரத்தில் கரை கரைந்தது. இங்கிலாந்தின் ஹோல்டர்னஸ் கரையில் களிமண் ஓங்கல்கள் ஆண்டுக்குச் சராசரியாக ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை பின்வாங்குகின்றன. அங்கே இடிந்த மண்ணில் ஒரு பகுதிதான் தெற்கே ஸ்பர்ன் என்ற நீள் மணல் திட்டாக நிற்கிறது. பாடநூலில் முன்னது "அரிப்பு" அத்தியாயத்திலும் பின்னது "படிவு" அத்தியாயத்திலும் இருக்கும். இரண்டும் ஒரே மணல் என்று எந்தப் பக்கத்திலும் இருக்காது. அதே நாட்டின் டெவனில் உள்ள ஹால்சாண்ட்ஸ் கிராமத்தின் முன்னால் 1897-இல் கூழாங்கல் தோண்ட ஆரம்பித்தார்கள், 1902-இல் நிறுத்தினார்கள். ஆனால் எடுத்த கல்லை ஈடுகட்ட அந்தக் கரைக்கு வரவு இல்லை. 1917 ஜனவரிப் புயலில் கிராமம் போய்விட்டது. பதினைந்து ஆண்டு இடைவெளியில் காரணமும் விளைவும் தெரியும் இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

அடுத்து, அலை. அலை தண்ணீரைக் கரைக்குக் கொண்டுவருகிறது என்ற எண்ணம் பிள்ளைகள் மனத்தில் ஆழமாக இருக்கிறது. மிதக்கும் தக்கையைக் காட்டுங்கள்: மேலெழும், முன்னே சாயும், இறங்கும், பின்னே வரும்; ஏறக்குறைய கிளம்பிய இடத்திலேயே இருக்கும். ஆழ்கடலில் தண்ணீர் வட்டமடிக்கிறது, நகர்வது ஆற்றல். அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குக் கீழே அந்த அசைவு அநேகமாக இல்லை. இதற்கு எளிய கணக்கு உண்டு: அலையின் கால இடைவெளியை நொடியில் எடுத்து, அதன் வர்க்கத்தை 1.56-ஆல் பெருக்கினால் ஆழ்கடல் அலைநீளம் மீட்டரில் வரும். 8 நொடி அலைக்குச் சுமார் 100 மீட்டர். ஆக 50 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் அலை தரையை உணரத் தொடங்குகிறது, வேகம் குறைகிறது, உயர்கிறது. உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்தில் உடைகிறது. ஒரு மீட்டர் அலை எங்கே உடைகிறதோ அங்கே ஆழம் ஏறத்தாழ 1.3 மீட்டர். கரையில் நின்றபடியே கடலின் ஆழத்தைச் சொல்ல முடிகிறது என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்காது?

ஒன்றைத் திருத்தியே ஆக வேண்டும். நிமிடத்துக்கு 6 முதல் 8 அலை வந்தால் ஆக்கும் அலை, 10 முதல் 14 வந்தால் அழிக்கும் அலை என்ற எண்களைப் பல நூல்கள் உலகப் பொது விதியாக அச்சிடுகின்றன. அலையின் உயரம், நீளம், மணலின் பருமன் மூன்றையும் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாது. அலைநீளம் குறைந்த, உயர்ந்த, செங்குத்தான அலைகள் மணலை உள்ளே இழுக்கும். நீண்ட, தாழ்ந்த அலைகள் கரையில் ஏற்றும். இப்படிச் சொன்னால் எந்தக் கரைக்கும் பொருந்தும். பரல் பெரிதாக இருந்தால் ஏறிய நீர் உள்ளே வடிந்துவிடும், இறங்குநீருக்கு இழுக்கும் வலு இருக்காது. அதனால்தான் கூழாங்கல் கரை செங்குத்தாகவும் நுண்மணல் கரை தட்டையாகவும் இருக்கின்றன.

இனி வகுப்பறையில் செய்யக்கூடிய சோதனை. பலர் முயன்று, "சரியா வரலை" என்று கைவிட்ட ஒன்று, ஆகவே அளவுகளோடு எழுதுகிறோம்.

60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், குறைந்தது 12 செ.மீ. உயரம் உள்ள பிளாஸ்டிக் தட்டு வேண்டும். நீளம் ஒரு மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. கட்டுமான மணலை எடுத்து, கலங்கிய நீர் தெளியும்வரை நான்கைந்து தடவை கழுவுங்கள். கழுவாத மணலில் இருக்கும் வண்டல் தட்டு முழுவதையும் காப்பி நிறமாக்கிவிடும், பிறகு எதுவும் தெரியாது. தட்டின் ஒரு முனையில் 8 செ.மீ. உயரத்தில் தொடங்கி 30 செ.மீ. தூரத்தில் தரையோடு சேரும்படி சரிவு அமையுங்கள். ஏழு முதல் எட்டு கிலோ மணல் போதும். மணலை முதலில் நனைத்துத் தட்டிவிட வேண்டும். உலர்ந்த மணல்மேல் நீர் விட்டால் சரிவே குழைந்து சரியும். மறுமுனையில் மெதுவாக நீர் ஊற்றுங்கள். 5 செ.மீ. ஆழம் வர எட்டு முதல் பத்து லிட்டர் ஆகும்.

அலை எழுப்ப 38 செ.மீ. அகலப் பலகை. இங்கேதான் பெரும்பாலும் தவறுகிறது. கடல் அலையை மனத்தில் வைத்து நொடிக்கு ஒருமுறை, இன்னும் மெதுவாக என்று பலகையைத் தள்ளுகிறோம். 5 செ.மீ. ஆழத்தில் நொடிக்கு ஒன்று என்றால் அலைநீளம் 60 செ.மீ.யைத் தாண்டிவிடும், தட்டின் நீளமே அவ்வளவுதான். அப்போது ஓடும் அலை வராது, தட்டுநீர் முழுவதும் ஊஞ்சல்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். நொடிக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு செ.மீ. அளவுக்கு மட்டும் அசைத்தால் அலைநீளம் 30 செ.மீ. அல்லது அதற்கும் கீழே வரும். வீச்சு கூடினால் ஒரு நிமிடத்துக்குள் சரிவே தரைமட்டமாகிவிடும். பக்கச் சுவர்களில் மோதித் திரும்பும் அலையும் படத்தைக் கெடுக்கும். சுவரோரம் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் துண்டுகளைச் செருகி வையுங்கள்.

முதல் ஐந்து நிமிடம் நேர் அலை. நீர்விளிம்பில் சிறு படி ஒன்று வெட்டப்படும், அதற்கு மேலுள்ள மணல் சரிந்து விழும். மாணவரை அதையே உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். அலை தொட்டது அடியை மட்டும், மேலே விழுந்தது தன் எடையால். விழுந்த மணல் அடியில் கிடக்கும் வரை படி முன்னேறாது. அலை அதை அகற்றிய பிறகே அடுத்த சரிவு நடக்கும். உண்மையான ஓங்கலும் இதே தாளத்தில்தான் பின்வாங்குகிறது.

அடுத்து, மணல் சரிவை மட்டும் 20 முதல் 30 பாகை கோணலாக மாற்றி அமைத்து, நீர்விளிம்பில் வண்ண மணலால் விரலளவு கோடு இடுங்கள். ஏறுநீர் சாய்வாகத் தள்ளும், இறங்குநீர் நேராகக் கீழே வரும், கோடு பக்கவாட்டில் நீளும். இப்போது கரைக்குச் செங்குத்தாக ஒரு பிளாஸ்டிக் அளவுகோலைச் செருகுங்கள். அதுதான் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் தடுப்பு. பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் குழியும். சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தபின் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிபட்டதும் இதே கதை. அங்கே ஆண்டின் நிகர மணல் நகர்வு வடக்கு நோக்கியது. படத்தில் அம்புக்குறி போட்டு விளக்குவதைவிட அளவுகோலுக்குப் பின்னால் விழுந்த அந்தக் குழி அதிகம் பேசும்.

களப்பணிக்கு வருவோம். கரையின் குறுக்குவெட்டை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கடல்சார் நிலவியலாளர் கே. ஓ. எமரி 1961-இல் விவரித்த இரட்டைக்கோல் முறை போதும். 1.5 மீட்டர் நீளமுள்ள இரண்டு கோல்கள், உச்சியிலிருந்து கீழாக செ.மீ. குறித்தவை, இடையே 1.5 மீட்டர் கயிறு. கரைப்பக்கக் கோலுக்குப் பின்னால் நிற்பவர் கடல்பக்கக் கோலின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வருமாறு பார்த்து, அந்தக் கோடு தன் கோலை எங்கே வெட்டுகிறது என்று படிக்கிறார். 14 என்றால் அந்த 1.5 மீட்டரில் தரை 14 செ.மீ. இறங்கியிருக்கிறது. பின்கோலை முன்கோல் நின்ற அதே புள்ளிக்கு மாற்றித் தொடர வேண்டும். தரை கடல்பக்கம் உயர்ந்தால் பார்வை தலைகீழாகும்: தன் கோல் உச்சியையும் தொடுவானத்தையும் சேர்த்துப் பார்த்து முன்கோலில் அளவெடுக்க வேண்டும். அந்த அளவுக்குக் கழித்தல் குறி போட மறப்பதுதான் ஏடுகளில் அதிகம் காணும் பிழை.

இன்னொரு பிழை, கோல் ஈர மணலில் புதைவது. அடியில் தட்டையான மூடி ஒன்றை ஆணியடித்துவிட்டால் போதும். ஒவ்வொரு அளவெடுப்பிலும் ஒரு செ.மீ. தவறு ஒரே பக்கமாக வந்தால் இருபது அளவெடுப்பில் 20 செ.மீ. ஆகிவிடும். நிலையான ஒரு கல்லிலோ கட்டட மூலையிலோ தொடங்கி, தாழ் ஓதத்தில் (கடல்நீர் இறங்கியிருக்கும் நேரத்தில்) அளந்து, அடுத்த மாதம் அதே இடத்தில் அதே கோட்டில் மீண்டும் அளக்க வேண்டும். ஒரே ஒரு அளவீடு வெறும் படம். வரவா செலவா என்று சொல்வது இரண்டாவது அளவீடுதான்.

அலையின் கால இடைவெளியை எடுக்கும்போது முதல் அலை வந்ததும் கடிகாரத்தை ஓடவிட்டு, பதினொன்றாவது வந்ததும் நிறுத்துங்கள், பத்தால் வகுங்கள். பத்து அலையோடு நிறுத்தினால் இடைவெளிகள் ஒன்பதுதான். கரையோர நீரோட்டத்துக்கு ஆரஞ்சுப் பழம் ஏற்றது, பெரும்பகுதி நீருக்குள் மூழ்கி மிதப்பதால் காற்று அதிகம் தள்ளாது. 10 மீட்டர் கடக்கும் நேரத்தை ஐந்து முறை எடுங்கள். அளந்தது நீரின் வேகம், மணலின் வேகம் அல்ல என்பதை ஏட்டில் எழுத வைக்கவும். பாதுகாப்பு பற்றி ஒரே சொல்: கடலுக்கு முதுகு காட்டக்கூடாது, ஓங்கலின் அடியில் நிற்கக்கூடாது, அலை பெரிதாக இருந்தால் அன்றைய பணி இல்லை.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குகை, வளைவு, தூண், அடிக்கட்டை என்று நான்கு கட்டங்களை அம்புக்குறியால் இணைக்கும் படத்தைப் பார்க்கும் பிள்ளை, ஒவ்வொரு குகையும் தூணாக முடியும் என்றே நம்புகிறது. பெரும்பாலான குகைகள் வளைவாகாமலே இடிகின்றன. நேரம் என்பதும் அந்தப் படத்தில் இல்லை. ஆஸ்திரேலியாவின் லண்டன் வளைவில் ஒரு பகுதி 1990 ஜனவரியில் திடீரென விழுந்தது. அப்பால் நின்ற இருவரை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். மால்டாவின் அஸூர் விண்டோ என்ற பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று ஒரே புயலில் காணாமல் போனது. நூற்றாண்டுகள் காத்திருந்து நிமிடங்களில் முடியும் வேலை இது. அதேபோல, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது என்ற ஒரு வரியாவது பாடத்தில் வேண்டும். இன்றைய மட்டத்தை ஒட்டி அது வந்து நின்றது ஆறு ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான். நாம் பார்க்கும் காயல்களும் நீள் மணல் திட்டுகளும் அதற்குப் பிறகு பிறந்த இளசுகள்.

சொற்களிலும் கொஞ்சம் தாராளம் காட்டலாம். அலை ஒதுக்கிக் குவித்த மணலுக்கு "எக்கர்" என்று சங்கப் பாடல்களிலேயே பெயர் இருக்கிறது. மூன்று சொல் கோத்த மொழிபெயர்ப்பு ஒன்றைப் பிள்ளைகள் வாயில் திணிப்பதற்கு முன் அதை ஒருமுறை பயன்படுத்திப் பார்க்கலாம்.

கடைசியாக, வினாத்தாள். "கடல் தூண் வரையறு" என்று கேட்கும்வரை ஆசிரியர்கள் வரையறையைத்தான் நடத்துவார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: "வடக்குத் தெற்காக ஓடும் ஒரு கரைக்குக் கிழக்கே கடல். அலை தென்கிழக்கிலிருந்து வருகிறது. கரைக்குச் செங்குத்தாக 100 மீட்டர் தூண்டில் வளைவு கட்டப்படுகிறது. (அ) எந்தப் பக்கம் மணல் சேரும்? (ஆ) அந்தப் பக்கம் வளைவின் நுனிவரை மணல் நிரம்பிய பிறகு என்ன நடக்கும்? (இ) மறுபக்கக் கரையில் உள்ள ஊர் தனக்கும் ஒரு தூண்டில் வளைவு கேட்கிறது. கட்டினால் அரிப்பு எங்கே போகும்? படம் வரைந்து விளக்குக." ஐந்து மதிப்பெண் தரலாம். வரையறைக்கு மதிப்பெண் வேண்டாம்.

இப்படிக்கு,
கடற்கரைப் புவியியல் கற்பிப்போர் சிலர்